11-ஆம் நம்பர் கூண்டு

புயல் சின்னம்னு பேச்சு வந்தாலே நம்ம ஊர் பேப்பர்ல ஒரு வரி தவறாம வரும். சென்னை, எண்ணூர், நாகை, கடலூர்னு வரிசையா துறைமுகப் பேரைப் போட்டு, இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்னு எழுதியிருப்பாங்க. எங்க தண்டையார்பேட்டை பக்கம் இது ஒரு வானிலைச் செய்தி மட்டுமில்லை, ஒரு மூட். மூணாம் நம்பர்னா மழை வரும், ஸ்கூல் லீவு விடுவானான்னு பார்க்கலாம். ஏழுக்கு மேல போனா கூரையில கல்லு ஏத்தணும். பத்துன்னா கும்பிட வேண்டியதுதான்.

சரி, பத்துக்கு மேல என்ன? நிறைய பேர் பத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க. இல்லைங்க, 11 இருக்கு. அது காத்தோட வேகத்தைச் சொல்லற நம்பரே இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோட தகவல் தொடர்பு அறுந்து போச்சு, ஆனா மோசமான வானிலை வருதுன்னு இங்கே இருக்கிற அதிகாரி நினைக்கிறார் - இதுதான் 11-ஆம் எண் கூண்டுக்கு அர்த்தம். 1, 2 தூரத்துல புயல். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். அதுக்கும் மேல, எல்லாத்துக்கும் உச்சியில, "லைன் கட்".

இதை யோசிச்ச ஆளு கெட்டிக்காரன்னு நினைக்கிறேன். புயல் எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சா பயப்பட ஒரு அளவு இருக்கு. தெரியலைன்னா அளவே இல்லை.

(பேருதான் கூண்டு. பகல்ல கம்பத்துல கூம்பு, உருளை வடிவத்துல ஏத்துவாங்க. ராத்திரி சிவப்பு, வெள்ளை விளக்கு. அந்தக் கூண்டுக்குள்ள என்ன இருக்கும்னு சின்ன வயசுல கேட்டு அடி வாங்கினவங்க கை தூக்குங்க :) )

இந்தப் பதிவு கூண்டைப் பத்தி இல்லை. அந்த 11-ஆம் நம்பரை ஏத்த வேண்டிய நிலைமை வராம இருக்கறதுக்காக நட்டு வச்ச இரும்புக் கோபுரங்களைப் பத்தி. மைக்ரோவேவ் கோபுரம். ஆரஞ்சு, வெள்ளை பட்டை பட்டையா பெயின்ட் அடிச்சு, உச்சியில சிவப்பு விளக்கோட, இடுப்புல பெரிய பெரிய தட்டைக் கட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அதேதான். ராயபுரம் ஸ்டேஷனுக்கு வரலாறு எழுத ஆள் இருக்கு (1856, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பிச்சு, எல்லாருக்கும் தெரியும்). லைட் ஹவுஸுக்கு ஆள் இருக்கு. இந்தக் கோபுரங்களை யாரும் போட்டோ கூட எடுக்கறதில்லை. செல்போன் டவர்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் முடிச்சுடறோம்.

கொஞ்சம் பின்னாடி போகலாம். வட சென்னை கரைக்கும் தகவல் தொடர்புக்கும் பழைய உறவு. 1870-71லயே மெட்ராஸ்லேர்ந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில தந்திக் கேபிள் போட்டாச்சு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பின ஊருக்கு அது சும்மா ஆடம்பரம் இல்லை. டெலிபோனும் இங்கேதான் முதல்ல வந்தது. ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவுல, 1881-82 வாக்கில. அதே 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து, கஷ்டப்பட்டுக் கட்டிக்கிட்டிருந்த துறைமுகத்தோட அலைதடுப்புச் சுவரை அடிச்சு நொறுக்கிட்டுப் போச்சு. போன் வந்த நேரத்துலயே புயலும் வந்து நான் இருக்கேன்னு காட்டிடுச்சு.

அந்தக் காலத்து போன், தந்தி எல்லாமே கம்பி. ஊருக்கும் ஊருக்கும் நடுவுல ரயில் பாதை ஓரமா கம்பம் நட்டு, பீங்கான் குப்பி மாட்டி, செம்புக் கம்பி இழுத்து விடறது. நல்லாத்தான் இருந்தது. ஆனா கடலோரத்துல உப்புக் காத்து கம்பியைத் தின்னும். புயல்ல நூறு கம்பத்துல ஒண்ணு சாய்ஞ்சாலும் லைன் போச்சு. அது போக, செம்புக்கு எடைக்கடையில நல்ல விலை. ராவோட ராவா கம்பியைச் சுருட்டிக்கிட்டுப் போறது ஒரு தனித் தொழிலாவே நடந்தது.

இப்போ டிரங்க் காலைப் பத்திச் சொல்லாம நகர முடியாது. நாற்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இது புராணக் கதை. வெளியூருக்குப் பேசணும்னா எக்ஸ்சேஞ்சுக்கு போன் பண்ணி புக் பண்ணணும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங்னு மூணு வகுப்பு. அர்ஜென்டுக்கு ரெண்டு மடங்கு காசு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. ஆர்டினரி போட்டா சாயந்திரம் வரும், நாளைக்கு வரும், வராமலும் போகும். லைன் கிடைச்சதும் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தணும். மூணு நிமிஷம் ஆனதும் நடுவுல ஆபரேட்டர் அம்மா குரல் வரும். எங்க தெருவுல போன் இருந்தது ஒரே ஒரு வீட்டுல. அந்த நம்பரை "பி.பி. நம்பர்"னு எத்தனை குடும்பம் கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கும்னு கணக்கே இல்லை. அந்த வீட்டுப் பையன் தெருவுல ஓடி வந்தாலே யார் வீட்டுல சாவோன்னு எல்லாரும் வாசலுக்கு வந்துடுவாங்க.

ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்கணும்? காரணம் சிம்பிள். ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற பாதை அவ்வளவுதான். ஒரு ஜோடி கம்பியில ஒரு பேச்சு. கேரியர் முறை வந்தப்புறம் அதே கம்பியில 12 பேச்சு வரைக்கும் ஏத்தினாங்க. அப்போ வட சென்னை எப்படி வளருதுன்னு பாருங்க. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் 1948ல ஆரம்பிச்சு 1955ல அசோக் லேலண்ட் ஆகுது. அதே 1955ல திருவொற்றியூர்ல என்ஃபீல்ட். பலூன் செஞ்சுக்கிட்டிருந்த எம்.ஆர்.எஃப். டயருக்கு மாறுது. 1969ல மணலியில சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வடிக்கத் தொடங்குது. 1970ல எண்ணூர் அனல் மின் நிலையம். ஒவ்வொரு கம்பெனிக்கும் பம்பாய், கல்கத்தா, டெல்லி கூடப் பேச வேண்டியிருக்கு. துறைமுகத்துல கப்பல் காத்திருந்தா நாளுக்கு இவ்வளவுன்னு பணம் போகும். அத்தனை பேரும் அந்த ஒரு சந்துக்குள்ள முட்டி மோதணும்.

சந்தை ரோடு ஆக்கினது ரெண்டு விஷயம். ஒண்ணு, தரைக்கடியில புதைக்கற கோஆக்சியல் கேபிள். இன்னொண்ணு நம்ம மைக்ரோவேவ்.

மைக்ரோவேவ்னா ரொம்பக் குட்டியான ரேடியோ அலை. அலை நீளம் சென்டிமீட்டர் கணக்குல இருக்கும். இதை வச்சு ஆரம்பத்துலயே விளையாடினவங்கள்ல ஒருத்தர் நம்மாளு, ஜகதீஷ் சந்திர போஸ். 1895 வாக்கில கல்கத்தாவுல மில்லிமீட்டர் அலையை அனுப்பி தூரத்துல மணி அடிக்க வச்சு, வெடிமருந்து வெடிக்க வச்சுக் காட்டினார். ஆனா பலமா அலை உண்டாக்க கருவி இல்லாததால அது அரை நூற்றாண்டு சும்மா கிடந்தது. எழுப்பி விட்டது ரெண்டாம் உலகப் போர். 1940ல பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ராண்டல், பூட்னு ரெண்டு பேர் கேவிட்டி மேக்னட்ரான் செஞ்சாங்க. உள்ளங்கை அளவு செம்புக் கட்டி, 10 சென்டிமீட்டர் அலையை கிலோவாட் கணக்குல துப்பிச்சு. ரேடாரை விமானத்துக்குள்ள ஏத்த முடிஞ்சது அதனாலதான். (சமையலறை மைக்ரோவேவ் அடுப்புலயும் அதோட பேரன்தான் இருக்கான்.)

சண்டை முடிஞ்சதும், ரேடார் தெரிஞ்ச இஞ்சினியருங்க எல்லாம் டெலிபோன் பக்கம் திரும்பினாங்க. அமெரிக்காவுல ஏ.டி.&டி. கம்பெனி 1947 நவம்பர்ல நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவுல கோபுரம் கோபுரமாத் தாவற பாதையைப் போட்டுப் பார்த்தது. 1951 ஆகஸ்ட்ல அதை ஒரு கரையிலேர்ந்து இன்னொரு கரை வரைக்கும் நீட்டினாங்க, 107 ரிலே நிலையங்கள். அடுத்த மாசமே ட்ரூமன் சான் பிரான்சிஸ்கோவுல பேசினதை நாடு முழுக்க ஒரே நேரத்துல டிவியில பார்த்தாங்க.

லண்டன்காரன் கதை இன்னும் தமாஷ். 1965ல போஸ்ட் ஆபீஸ் டவரைத் திறந்தாங்க. ஊர் நடுவுல 177 மீட்டர் உசரம். மேலே சுத்தற ஓட்டல் வேற. ஆனா அரசாங்க ரகசியம்னு சொல்லி பல வருஷம் அதிகாரபூர்வ வரைபடத்துல அதைக் காட்டவே இல்லைன்னு ஒரு கட்டுக்கதை வேற உலவுது! 1993ல ஒரு பெண் எம்.பி. பார்லிமென்ட்ல எழுந்து, இப்படி ஒரு கோபுரம் இருக்குங்கற ரகசியத்தை நான் வெளியிடறேன்னு கிண்டல் அடிச்சாங்க. 2024ல அதை ஒரு ஓட்டல் கம்பெனிக்கு 27.5 கோடி பவுண்டுக்கு வித்துட்டாங்க.

நம்ம தபால் தந்தித் துறை 1960-களின் நடுவுல கல்கத்தா - அசன்சால் பாதையில ஆரம்பிச்சு, மெதுவா நாடு முழுக்க கோபுரம் நட ஆரம்பிச்சாங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பொறுமையா சொல்லறேன். கதையோட கடைசிக்கு இது வேணும்.

மைக்ரோவேவ் டார்ச் லைட் மாதிரி. நேராத்தான் போகும். மலை, கட்டடம் எதுவும் குறுக்கே நிக்கக் கூடாது. எண்ணூரைத் தாண்டி வடக்கே கடலோரமா போனா மலை எதுவும் இல்லையே, சுலபம்தானேன்னு தோணும். குறுக்கே நிக்கறது பூமியே! 50 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு கோபுரம் நட்டா, நடுவழியில பூமியோட வளைவு சுமார் 49 மீட்டர் முதுகைத் தூக்கிக்கிட்டு நிக்கும். கிட்டத்தட்ட 15 மாடி. அதுக்கு மேல பனைமரம், அதுக்கு மேல கொஞ்சம் காலி இடம். அதனாலதான் அவ்வளவு உசரத்துல தட்டு.

இஞ்சினியருங்க கையில ஒரு சின்ன சூத்திரம் வச்சிருப்பாங்க. ரெண்டு ஆன்டெனா உசரத்தையும் மீட்டர்ல எடுத்து, ரெண்டுக்கும் வர்க்கமூலம் போட்டு, கூட்டி, 4.12ஆல பெருக்கினா எத்தனை கிலோமீட்டர் எட்டும்னு வரும். ரெண்டு பக்கமும் 100 மீட்டர்னா வர்க்கமூலம் 10, 10. கூட்டினா 20. பெருக்கினா சுமார் 82 கி.மீ. அது தரையை உரசிக்கிட்டுப் போற கணக்கு. நிம்மதியா வேலை செய்யணும்னா 40, 50 கி.மீ.தான். சென்னை சென்ட்ரல்லேர்ந்து கூடூர் சுமார் 140 கி.மீ. அதுக்கே மூணு தாவல் வேணும். ஒவ்வொரு கோபுரத்துலயும் ஒரு தட்டு வர்றதை வாங்கும், கீழே இருக்கற அறையில அதை பலப்படுத்தி, அடுத்த தட்டு முன்னால தள்ளி விடும். அந்தக் காலத்து பக்கெட் பிரிகேட் தீயணைப்பு மாதிரி.

கீழே இருக்கற அறைதான் உண்மையில கோயில் கருவறை. 48 வோல்ட் பேட்டரி வரிசை, கரன்ட் போனா டீசல் ஜெனரேட்டர். தட்டுக்கும் அறைக்கும் நடுவுல அலையைக் கொண்டு போற குழாய்க்கு வேவ்கைடுன்னு பேர். அதுக்குள்ள ஈரம் போகக் கூடாதுன்னு காய்ஞ்ச காத்தை அழுத்தி வச்சிருப்பாங்க. கடலோரத்துல அதுவே பெரிய வேலை. கோபுரத்துல ஏறி போல்ட் முடுக்கற ஆளுங்களுக்கு உப்பு ஒரு பக்கம், எண்ணூர் மாதிரி இடம்னா அனல் மின் நிலையச் சாம்பல் இன்னொரு பக்கம்.

கம்பியில 12 பேச்சுன்னு சொன்னேன் இல்லையா. அந்த 12ஐ ஒரு கட்டு, 5 கட்டு சேர்ந்தா 60, அந்த மாதிரி 16 சேர்ந்தா 960னு அடுக்கி, ஒரே அலை மேல ஏத்தினாங்க. பெரிய பாதையில 1800 வரைக்கும். டிரங்க் கால் ராஜ்ஜியத்தை ஆட்டினது இந்த நம்பர்தான். 1960ல கான்பூர் - லக்னோவுல ஆரம்பிச்ச எஸ்.டி.டி., ஊர் ஊராப் பரவ முடிஞ்சதுக்கு கேபிளும் இந்தத் தட்டுகளும்தான் அடியில இருந்தது. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத், ராத்திரி கால் ரேட்டுக்கு நிக்கற க்யூ, ஓடற மீட்டரைப் பார்த்துக்கிட்டே பேசற பதட்டம்... கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சா நிக்காது, விட்டுடறேன்.

கடலோரத்துக்குன்னு தனியா ஒரு பேய் உண்டு. வெயில் காலத்துல நிலத்துலேர்ந்து வர்ற சூடான காத்து, கடல் மேல இருக்கற குளிர்ந்த ஈரக்காத்து மேல படுக்கும். அப்போ ரேடியோ அலை நடுவுல மாட்டிக்கிட்டு, குழாய்க்குள்ள போற தண்ணி மாதிரி பூமி வளைவோடயே வளைஞ்சு எங்கேயோ போயிடும். அதை டக்ட்னு சொல்லுவாங்க. பக்கத்துக் கோபுரத்துக்குப் போக வேண்டிய சிக்னல் மங்கும், இல்லைன்னா எங்கேயோ தூரத்துச் சிக்னல் வந்து குழப்பும். இதோட நல்ல பக்கம் நம்ம எல்லாருக்கும் தெரியும். 80-கள்ல தமிழ்நாட்டுக் கரையோரத்துல மொட்டை மாடியில பூஸ்டர் வச்சு ரூபவாஹினி பார்த்தோமே, அதுல பாதி இந்தப் பேய் பண்ணின புண்ணியம்தான். டெலிபோன் இஞ்சினியர் தலையைப் பிச்சிக்கிட்ட அதே ராத்திரியில ஜனங்க கிரிக்கெட் பார்த்தாங்க.

இன்னொரு வலைப்பின்னலும் இருந்தது. அது அதிகம் பேருக்குத் தெரியாது. ரயில்வேக்கு சொந்தமா மைக்ரோவேவ் பாதை. 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அவங்களுக்குன்னு தனி அலைவரிசை. ஏன்? ரயிலை விடறதுக்கு கன்ட்ரோல் ஆபீஸ் ஒவ்வொரு ஸ்டேஷனோடயும் பேசிக்கிட்டே இருக்கணும். அந்தக் கம்பி பாதை ஓரத்துலதான் போச்சு. 25,000 வோல்ட் மின்சாரப் பாதை வந்ததும், பக்கத்துல போற டெலிபோன் கம்பியில ஒரே உறுமல். பேசறது கேக்காது, தொட்டா ஆபத்து. கம்பியை எடுத்துட்டு கிட்டத்துக்கு நிலத்தடிக் கேபிள், தூரத்துக்கு மைக்ரோவேவ்னு மாத்த வேண்டியதாச்சு. கும்மிடிப்பூண்டி, கூடூர் வழியா விஜயவாடா போற பாதை 1980 வாக்கில மின்மயம் ஆச்சு. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர்னு நாம தினமும் தொங்கிக்கிட்டுப் போற அதே லைன்தான்.

அந்தப் பாதையிலேயே வடக்கே நேராப் போனா கிருஷ்ணா டெல்டா. 1977 நவம்பர் 19. திவி சீமையில கடல் உள்ளே வந்தது. அரசுக் கணக்குலயே சுமார் 10,000 பேர். கம்பம், ரோடு, தந்தி எல்லாம் போய், எவ்வளவு பேர் செத்தாங்கன்னு வெளியுலகத்துக்குத் தெரியவே நாளாச்சு. எந்தத் துறைமுகத்துலயும் ஏத்த முடியாத 11-ஆம் நம்பர் கூண்டு அது. இரும்புக் கோபுரத்துக்குப் பெரிய பலமே இதுதான். நூறு கம்பம் பிழைக்க வேண்டாம், 50 கிலோமீட்டருக்கு ஒண்ணு நின்னாப் போதும். பலவீனமும் அதுவே. ஒண்ணு விழுந்தா சங்கிலியே போச்சு.

சண்டைக்காரனுக்கு இது நல்லாவே தெரியும். 1914 செப்டம்பர்ல மெட்ராஸ் துறைமுகத்துல எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுட்டுப் போன எம்டன், நவம்பர்ல கோகோஸ் தீவுக்குப் போனது கப்பலைப் பிடிக்க இல்லை, அங்கே இருந்த தந்தி நிலையத்தை உடைக்க. கம்பத்தைச் சாய்க்க வந்தவங்ககிட்ட, டென்னிஸ் கோர்ட் மேல விழாமப் பார்த்துக்கங்கன்னு நிலையத்து ஆளுங்க கேட்டாங்களாம், அவங்களும் ஒத்துக்கிட்டாங்களாம்! ஆனா அதுக்கு முன்னாடியே அவங்க உதவி கேட்டு அடிச்ச செய்தி போயிடுச்சு. சிட்னிங்கற ஆஸ்திரேலியக் கப்பல் வந்து எம்டன் கதையை முடிச்சது. நம்ம பக்கத்துலயே இன்னொரு உதாரணம், ஏ9 வழியில மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவுல இருக்கற கொக்காவில். அங்கே இருந்த ஒலிபரப்பு, தொடர்புக் கோபுர நிலையம் 1990 ஜூலை சண்டையில அழிஞ்சது. 2011 ஜூன்ல அதே இடத்துல 174 மீட்டர் உசரத்துல புதுசா ஒண்ணு திறந்தாங்க. ஈழத்து நண்பர்களுக்கு இதைப் பத்தி என்னை விட அதிகம் தெரியும்.

மறுபடி நம்ம துறைமுகத்துக்கு வருவோம். பீச் ஸ்டேஷன்ல இறங்கி ராஜாஜி சாலையில நடந்தா, துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்து மொட்டை மாடியில ஒரு வெள்ளைப் பந்து தெரியும். தண்ணி டேங்க்னு நினைச்சு கடந்து போறவங்கதான் அதிகம். அதுக்குள்ள இருக்கறது வானிலைத் துறையோட டாப்ளர் ரேடார், 2002ல வந்தது. வானிலைத் துறை இந்தியாவுல வச்ச முதல் டாப்ளர் ரேடார் இதுதான். தொழில்நுட்பத்தைப் பார்த்தா இதுவும் நம்ம கோபுரங்களோட கூடப் பிறந்ததே. அதே 10 சென்டிமீட்டர் அலை, அதே மாதிரி தட்டு. என்ன, எதிர்ல பேச இன்னொரு கோபுரம் இல்லை. கடலைப் பார்த்துக் கத்திட்டு, மழைத்துளி திருப்பிச் சொல்லறதைக் கேக்குது. துளி நம்ம பக்கம் வருதா, விலகிப் போகுதான்னும் கண்டுபிடிக்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியணும்னா 1966 நவம்பரை நினைச்சுப் பாருங்க. அந்தப் புயல்ல ஸ்டாமாடிஸ்ங்கற கப்பல் மெரீனாவுல வந்து தரைதட்டிச்சு. உடைஞ்சது எத்தனையோ வருஷம் அங்கேயே கிடந்து குளிக்கப் போனவங்களைக் காவு வாங்கிச்சு. அப்போ சென்னையில புயலைப் பார்க்கற ரேடார் கிடையாது. 70-கள்லதான் கிழக்குக் கரையில புயல் கண்டறியும் ரேடார் வரிசையா வந்தது. இன்னிக்கு வெதர் பதிவர்கள் போடற அந்த வண்ணப் படத்துல, சிவப்பும் மஞ்சளுமா சுத்திக்கிட்டு வர்றதைப் பார்த்து நாம துணி எடுக்க ஓடறோமே, அது இந்த வெள்ளைப் பந்து கொடுக்கற சீதனம்.

தொலைபேசிக் கோபுரங்களோட கதை மட்டும் இறங்குமுகம்தான். கொன்னது கண்ணாடி இழை. மைக்ரோவேவ் ஆயிரக்கணக்குல பேச்சைச் சுமந்ததுன்னு பெருமைப்பட்டோம், தலைமுடி அளவு கண்ணாடி லட்சக்கணக்குல சுமந்தது. வானிலை, டக்ட் எந்தத் தொல்லையும் இல்லை. 2000 செப்டம்பர்ல ரயில்வே, பாதை ஓரமாவே ஃபைபர் போட ரயில்டெல்னு கம்பெனி ஆரம்பிச்சது. அடுத்த மாசம் பி.எஸ்.என்.எல். 2002ல சென்னை - சிங்கப்பூர் கடலடி ஃபைபர். பினாங்குக்கு முதல் கேபிள் போட்டு 130 வருஷம் கழிச்சு, மறுபடி அதே கடல், அதே திசை.

இரும்புக்கு மட்டும் வேலை போகலை. ஒரு வேடிக்கை சொல்லறேன். ஏ.டி.&டி. தன்னோட பழைய மைக்ரோவேவ் கோபுரங்கள்ல பெரும்பகுதியை 1999ல அமெரிக்கன் டவர்னு ஒரு கம்பெனிக்கு வித்தது. அந்தக் கம்பெனி செல்போன் ஆன்டெனாவுக்கு வாடகைக்கு விட்டு வளர்ந்து, இந்தியாவுக்கும் வந்து இங்கே கோபுரங்களை வாங்கிக் குவிச்சது. 2024ல இந்தியக் கோபுரங்களை புரூக்ஃபீல்டுக்குக் கைமாத்திட்டுக் கிளம்பிடுச்சு. இங்கே ரயில்டெல்லும் தன் கோபுரங்கள்ல இடத்தை செல்போன்காரங்களுக்கு வாடகைக்கு விடுது. செல் டவர்ல நீட்டு நீட்டா இருக்கற பெட்டி நம்ம போனுக்கு. அதுக்குப் பக்கத்துல சின்ன மத்தளம் மாதிரி வட்டமா ஒண்ணு இருந்தா, அதுதான் நம்மாளு. ஃபைபர் எட்டாத டவரை இன்னொரு டவரோட கோத்து விடற மைக்ரோவேவ். அமெரிக்காவுல பங்குச் சந்தைக்காரங்க சிகாகோவுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவுல புதுசாவே மைக்ரோவேவ் சங்கிலி கட்டியிருக்காங்க. கண்ணாடிக்குள்ள ஒளி மூணுல ரெண்டு பங்கு வேகத்துலதான் போகும், காத்துல முழு வேகம். அந்த மில்லி விநாடியில காசு!

2016 டிசம்பர் 12, வர்தா. நம்ம ஏரியாக்காரங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கண் கடந்தப்போ காத்து நின்னதும், முடிஞ்சு போச்சுன்னு வெளியே வந்து பார்த்து, திரும்ப எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிச்சதும் ஞாபகம் இருக்கும். ரேடார் படத்துல எல்லாம் தெரிஞ்சது. ஆனா கரன்ட் போய், டவர்ல பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு போனா செத்துது. 1971ல இருந்த கருவறையில மாதிரி டீசலும் பேட்டரியும் காவல் ஆளும் இப்போ எல்லா டவருக்கும் கிடையாது. வாடகைக் கணக்குல அது இடிக்கும்.

அதை விடப் பெரிய ஓட்டை கடல்ல இருந்தது. 2017 நவம்பர் 30, ஒக்கி. கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஏற்கனவே நாள்கணக்கா வெளியே இருந்தாங்க. எச்சரிக்கை வந்தது, அவங்க காதுக்கு எட்டலை. நான் முன்னாடி சொன்ன சூத்திரத்தை எடுத்துக்குங்க. படகுல ஆன்டெனா 5 மீட்டர் உசரம்னு வைங்க, கரையில 50 மீட்டர் கோபுரம். வர்க்கமூலம் 2.24, 7.07. கூட்டி 4.12ஆல பெருக்கினா 38 கி.மீ. அவ்வளவுதான் படகு வி.எச்.எஃப். செட் எட்டும். அவங்க இருந்தது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. காசிமேட்டு லாஞ்சுங்களும் அதே மாதிரி வாரக்கணக்குல போறவங்கதான். கரையில எத்தனை உசரமா கோபுரம் நட்டாலும் பூமியோட முதுகை ஒண்ணும் பண்ண முடியாது. துறைமுகக் கம்பத்துல ஏத்தற கூண்டு கரையில இருக்கறவனுக்கு, கூடிப்போனா கண்ணுக்கெட்டற கப்பலுக்கு.

ஒரே வழி, கோபுரத்தை மேலே தூக்கி வைக்கறது. அதான் செயற்கைக்கோள். ஒக்கிக்கு அப்புறம் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிச்சு. இஸ்ரோ செயற்கைக்கோள் வழியா வேலை செய்யற டிரான்ஸ்பாண்டர் பெட்டியை விசைப்படகுகள்ல மாட்ட ஆரம்பிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல 364 கோடி ரூபாயில, நாடு முழுக்க 1 லட்சம் படகுக்குன்னு திட்டமாவே தொடங்கினாங்க. புயல் வருதுன்னு கரையிலேர்ந்து செய்தி போகும், ஆபத்துன்னா படகுலேர்ந்து பட்டன் அமுக்கலாம்.

காசிமேட்டுல தெரிஞ்ச ஒரு டிரைவர் அண்ணன்கிட்ட (லாஞ்சு ஓட்டறவரைத்தான் டிரைவர்னு சொல்லுவாங்க) இந்தப் பெட்டியைப் பத்திக் கேட்டேன். "நல்லாத்தான் கீது நைனா. ஆனா நாங்க எங்க வலை வுடறோம்னு கரையில இருக்கறவனுக்கெல்லாம் தெரிஞ்சுடும்ல?"ன்னார். சொல்லிட்டு அவரே சிரிச்சார். பெட்டியைக் கழட்டிட்டீங்களான்னு கேட்டேன். "ஐயே, அது எப்டி கழட்றது? வூட்ல திட்டும்"னார்.